எஸ்ட்ராமஸ்டின்: தே தாரிக்கோடு சேராத மருந்து

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த கேப்சூல் மருந்து எஸ்ட்ராமஸ்டின். எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயோலையும் செல்களைக் கொல்லும் நைட்ரஜன் மஸ்டர்டையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்துச் செய்தது. முதல் உலகப் போரில் வீசப்பட்ட கடுகு வாயுவின் வழிவந்ததுதான் இந்த நைட்ரஜன் மஸ்டர்டு.

மலேசிய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் பெருங்குடலுக்கும் நுரையீரலுக்கும் அடுத்து வருவது புராஸ்டேட். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பியே அது வளர்கிறது என்பதை 1941இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையைக் கன்னியாஸ்திரிகள் 1976இல் தொடங்கிய காலத்திலும், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுக்கு உலகெங்கும் முதன்மைச் சிகிச்சை டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் வழியில்தான் நடந்தது: விரைகளை அகற்றுவது, அல்லது எஸ்ட்ரோஜன் கொடுப்பது. சிக்கல் என்னவென்றால், நாளடைவில் புற்று டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலே வளரப் பழகிக்கொள்ளும்.

ஸ்வீடனின் லியோ நிறுவனம் 1960களில் எஸ்ட்ராமஸ்டினை உருவாக்கியபோது மனத்தில் வைத்திருந்தது மார்பகப் புற்றை. எஸ்ட்ரோஜனை ஏற்கும் செல்களுக்குள் ஹார்மோன் நுழையும், கூடவே நஞ்சும் போய்ச்சேரும், உள்ளே பிணைப்பு அறுந்து நஞ்சு வேலை செய்யும் என்பது கணக்கு. கணக்கு பொய்த்தது. பிணைப்பு எளிதில் அறுபடவில்லை. ஆனால் புராஸ்டேட்டில் உள்ள ஒரு புரதம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டதால் அங்கே அது சேர்ந்தது. செல் பிளவுபடும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழாய்களை அது குலைப்பதும் பிறகு தெரியவந்தது. அதோடு, உடலில் ஓரளவு பிரியும் எஸ்ட்ரோஜன் டெஸ்டோஸ்டிரோனையும் குறைத்தது. வேறொரு நோக்கத்தில் செய்த மருந்து வேறொரு வழியில் பலித்த கதைதான் இது. அமெரிக்கா 1981இல் இதற்கு அனுமதி தந்தது.

உடல் எடையில் கிலோவுக்கு 14 மில்லிகிராம் என்பது வழக்கமான தினசரி அளவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 140 மில்லிகிராம் கேப்சூல் நாளைக்கு ஏழு. அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து விழுங்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, வெறும் தண்ணீரில் மட்டும். பாலிலுள்ள கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை ரத்தத்தில் சேரவிடாது. காலையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் இறங்கும் ஜார்ஜ்டவுன் வாழ்க்கைக்கு இது லேசான கட்டுப்பாடு அல்ல. ஹார்மோன் சிகிச்சையால் எலும்பு தேய்வதைத் தடுக்க எழுதித்தரும் கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்துக்குத் தள்ள வேண்டும்.

குமட்டல், கால்வீக்கம், மார்பு பருத்து வலிப்பது ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். அஞ்ச வேண்டியது ரத்தக்கட்டி. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ அது அடைக்கலாம்; மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம்.

2004இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் எஸ்ட்ராமஸ்டினை ஓரங்கட்டின. டோசிடாக்சல் என்ற புற்றுநோய் ஊசியோடு எஸ்ட்ராமஸ்டின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 17.5 மாதம், பழைய மருந்தான மைட்டோசான்ட்ரோன் பெற்றவர்களுக்கு 15.6. மற்றோர் ஆய்வில் எஸ்ட்ராமஸ்டின் இல்லாமலே, மூன்று வாரத்துக்கொருமுறை டோசிடாக்சலும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கு 18.9, மைட்டோசான்ட்ரோனுக்கு 16.5. ரத்தக்கட்டி அபாயத்தைச் சேர்த்துக்கொள்ளக் காரணம் இல்லாமற்போனது. 2011இல் அபிராட்டெரோன், 2012இல் என்சலுட்டமைடு என்று விழுங்கும் மருந்துகளும் வந்தன.

வெறும் வயிற்றுச் சட்டம் மட்டும் அபிராட்டெரோனுக்கும் உண்டு, காரணம் நேர்மாறு: கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினால் அந்த மருந்து சுமார் பத்து மடங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறிவிடும்.