ரப்பர் கயிற்றிலிருந்து உரிமத்துக்கு

லண்டனுக்கு வடக்கே டன்ஸ்டபிள் டவுன்ஸ் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அதன் சரிவில் மோதி மேலே எழும். இயந்திரமில்லாத விமானத்துக்கு அந்தக் காற்றே போதும். 1930-இல் தொடங்கிய லண்டன் கிளைடிங் கிளப் அதை நம்பித்தான் குன்றின் அடிவாரத்தில் குடியேறியது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

அன்று பறக்கக் கற்க வந்தவர் முதல் நாளே தனியாகத்தான் உட்கார வேண்டும்; பயிற்சி விமானத்தில் ஒரே இருக்கை. 'டாக்லிங்' என்று அழைக்கப்பட்ட அதற்கு மரச்சட்டமும் இழுத்துக் கட்டிய கம்பிகளும் துணி போர்த்திய இறக்கையும் உண்டு. உட்காருபவருக்கு முன்னால் மறைப்பு எதுவும் கிடையாது. இரு பக்கமும் சிலர் ரப்பர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். கயிறு முறுக்கேறியதும் வாலைப் பிடித்திருப்பவர் கையை விடுவார். முதலில் தரையோடு சறுக்கல், பிறகு ஆளுயரத் தாவல், அதன்பின் இன்னும் சற்று உயரம். ஆசிரியர் கீழே நின்று குரல் கொடுப்பார். அது காதில் விழுந்ததா என்பது காற்றைப் பொறுத்தது. முப்பது வினாடி பறந்து ஒழுங்காக இறங்கினால் 'ஏ' சான்றிதழ். புறப்பட்ட இடத்தைவிட உயரத்தில் ஐந்து நிமிடம் தங்கினால் 'சி'. அரசு உரிமம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

இன்று அதே புல்வெளியில் கண்ணாடியிழையால் ஆன இரட்டை இருக்கை கிளைடர் நிற்கிறது. ஆசிரியர் பின்னிருக்கையில் இருக்கிறார். வின்ச் கம்பி ஒரு நிமிடத்துக்குள் ஆயிரம் அடிக்கு மேல் தூக்கிவிடும். மாணவர் தவறாகக் கையாண்டால் பின்னாலிருக்கும் கை திருத்திவிடும். உரிமம் பெறக் குறைந்தது 15 மணி நேரப் பயிற்சியும் 45 முறை ஏறி இறங்கியிருப்பதும் வேண்டும். ஒன்பது பாடங்களில் எழுத்துத் தேர்வும் உண்டு. அன்று உடம்பில் பட்ட காயங்களோடு கற்றதை இன்று முழு எலும்போடு கற்கலாம். இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஷ்ராப்ஷயரின் லாங் மிண்ட் மலையில் மட்டும் காற்று வாகாக இருக்கும் நாள்களில் இன்னும் ரப்பர் கயிற்றால் ஏவுகிறார்கள்; ஆனால் கயிற்றின் முனையில் இருப்பவர் முதல்நாள் மாணவர் அல்ல.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் நடந்தது தனித்தன்மை வாய்ந்தது. 1929-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பல பத்தாண்டுகள் இந்த விளையாட்டைத் தானே ஆண்டது. விமானத்துக்கு எண் கொடுத்ததும், அது பறக்கத் தகுதியானதா என்று பார்த்ததும், ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததும் சங்கமே. தன் உயிரையும் நண்பரின் உயிரையும் பணயம் வைப்பவர்களே எழுதிய விதிகள் என்பதால் அவற்றைப் பின்பற்றுவதில் முணுமுணுப்பு குறைவு. 2000-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய விதிகள் வந்தன. கிளைடர்கள் மற்ற விமானங்களைப் போல நாட்டுப் பதிவேட்டில் ஏறின. 2025 செப்டம்பர் இறுதியோடு பழைய சங்கச் சான்றிதழின் காலமும் முடிந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும், அங்கிருந்து வந்த விதியின் சாயலிலேயே அரசு உரிமம் கட்டாயமானது. நாற்பது ஆண்டுகள் பறந்தவரும் விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது.

வானமும் சுருங்கிவிட்டது. 1931-இல் ராபர்ட் குரோன்ஃபெல்ட் ஆங்கிலக் கால்வாயை ஒரே நாளில் இருமுறை கிளைடரில் கடந்தபோது கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி மட்டும்தான். டன்ஸ்டபிளுக்கு அருகிலுள்ள லூட்டனில் 1938-இல் விமான நிலையம் திறந்தார்கள். இன்று குன்றின் மேல் ஏறும் விமானி லூட்டனின் கட்டுப்பாட்டு வான்பகுதி எங்கே தொடங்குகிறது என்று ஓயாமல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே எழும் காற்று இன்னும் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அதைவிட்டு விலக நேரும். பறப்பவர்களிடம் கேட்டால், இழப்புகளில் இதைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்றைய சுதந்திரம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. சுக்கானை இயக்கக் கால் வேண்டும். கால் இயங்காதவருக்கு அந்தத் திறந்த இருக்கையில் இடமில்லை, அவரைத் தடுக்க ஒரு விதியும் தேவைப்படவில்லை. இன்று ஸ்காட்லாந்தில் லீவன் ஏரிக்கரையின் போர்ட்மோக் களத்தில் 'வாக்கிங் ஆன் ஏர்' என்ற அறக்கட்டளை, கையாலேயே சுக்கானை இயக்கும்படி மாற்றிய ஏஎஸ்கே 21 கிளைடரில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்றுத்தருகிறது. அவர்கள் தனியாகவும் பறக்கிறார்கள். அந்த மாற்றம் நம்பகமானது என்று ஒருவர் ஆராய்ந்து கையெழுத்திட்டிருக்கிறார் என்பதால்தான் அது சாத்தியமாகிறது. தாள்களைப் பழிக்கும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும். வயது வரம்பும் தளர்ந்திருக்கிறது: தனியே பறக்க முன்பு 16 ஆக வேண்டும், இப்போது 14 போதும். கார் ஓட்ட வயது வராத பள்ளிப் பிள்ளை மேகத்தின் அடிவரை தனியே போய்வரலாம்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் கிளைடிங் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். வார விடுமுறையைக் கொடுத்து வருபவர்கள். அன்று அவர்களிடம் கேட்கப்பட்டது திறமையும் பொறுமையும். இன்று அவற்றோடு பதிவேடுகள், புதுப்பித்தல்கள், மறுதேர்வுகள் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. விதி எழுதுபவர் ஓர் இருக்கையில் மாணவரையும் மறு இருக்கையில் ஆசிரியரையும் வைத்துக் கணக்கிடுகிறார். அந்த இரண்டாவது இருக்கைக்கு ஆள் குறைந்தால் 14 வயதுப் பிள்ளையும் போர்ட்மோக்கில் காத்திருப்பவரும்தான் முதலில் தரையில் நிற்பார்கள்.