சங்கத்தின் இணையதளமும் காலங்கடந்த மென்பொருளும்

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர்களின் நம்பிக்கையை முதலாகக் கொண்டு நடைபெறும் ஸ்தாபனமாகும். பங்குத் தொகையும் வைப்புத் தொகையும் ஐந்தொகையில் இடம்பெறும். நம்பிக்கை அதில் இடம்பெறுவதில்லை. எனினும் அது குறையுமாயின் மற்றவை தாமே குறையும். முன்னாளில் இந்த நம்பிக்கையைக் காக்க இரும்புப் பெட்டியும், இரட்டைச் சாவியும், கிடங்குக் காவலும் போதுமானவையாக இருந்தன. இன்றோ சங்கத்தின் பெயர், அங்கத்தினர் விவரம், சேலைகளின் படமும் விலையும், பணம் செலுத்தும் வழி ஆகியவை இணையதளத்தில் ஏறியுள்ளன. ஆகவே, காவலும் அங்கே செல்ல வேண்டியது அவசியமாகிறது.

“தளம் நன்றாகத்தானே இயங்குகிறது? பின் அதற்கு ஆண்டுதோறும் செலவு எதற்கு?” என்று மகாசபையில் அங்கத்தினர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வியே. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். காரணமின்றி அதைச் செலவிடலாகாது. இக்கேள்விக்குரிய விடையை இங்கு ஆராய்வோம்.

சர்வர் என்பது யாது?

இணையதளம் என்பது ஆகாயத்தில் மிதப்பதன்று. எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணினியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்து வழங்குவதால் அக்கணினியைச் சர்வர் என்பர்.

இந்தச் சர்வரில் பல மென்பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அடியில் இருப்பது லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளம். அதன்மேல் பக்கங்களை எடுத்து அளிக்கும் அப்பாச்சி போன்ற மென்பொருள் உள்ளது. அதற்கும் மேலாகப் பி.எச்.பி. போன்ற நிரல்மொழியும், விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளமும், தளத்தை எளிதில் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற சாதனமும் இருக்கின்றன. இவை வெவ்வேறு குழுவினரால் செய்யப்பட்டவை; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண் உண்டு. பாவு எத்துணை உறுதியாயினும் ஊடை இற்றுப்போனால் சேலை கிழியும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதுபோலவே, இவற்றுள் ஒன்று பழுதுற்றிருந்தாலும் மற்றவற்றின் உறுதி பயன்படாமற் போகும்.

பழைய தறியும் பழைய மென்பொருளும்

நாற்பதாண்டுப் பழைய தறியிலும் நல்ல சேலை நெய்யலாம். எந்த உறுப்புத் தேய்ந்தது என்பது நெய்பவரின் கைக்கும் காதுக்கும் தெரிந்துவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும். மென்பொருளும் அத்தகையதே என்று எண்ணுவதில்தான் பிழை நேர்கிறது.

மென்பொருள் தேய்வதில்லை. நிறுவிய அன்று எப்படி இருந்ததோ, ஐந்தாண்டு கழித்தும் அப்படியே இருக்கும். மாறுவது மென்பொருளன்று, அதைப்பற்றி உலகத்தாருக்கு உள்ள அறிவே மாறுகிறது. எந்த மென்பொருளிலும் செய்தவரின் கண்ணுக்குத் தப்பிய குறைகள் உண்டு. நாளடைவில் யாரேனும் ஒருவர் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறார். செய்தவர்கள் அதற்கு ஒரு திருத்தத்தைத் தயாரித்து, “இன்ன பதிப்பில் இன்ன ஓட்டை உள்ளது, அதை அடைக்க இதை நிறுவுக” என்று பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். அறிவிக்காமல் இருக்கவும் இயலாது. அறிவித்தாலன்றிப் பயன்படுத்துவோர் அறியார்.

ஆனால் அந்த அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு, மாற்றப்பட்ட இடம் எது என்று காண்கிறான். பின்னர், அந்த ஓட்டை உள்ள சர்வர்களைத் தேடித் தானே சுற்றிவரும் ஒரு நிரலை எழுதி ஏவுகிறான். “எமது சிறிய சங்கத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்பார் உளர். ஒருவரும் தேடி வருவதில்லை என்பது மெய்யே. அந்த நிரல் தெருத்தெருவாகச் சென்று ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்க்கிறது. திறந்த கதவு பெரிய ஆலையுடையதா, சிறிய சங்கத்தினுடையதா என்பது அதற்கு வேண்டுவதில்லை.

ஆகவே, திருத்தம் வெளியான நாளுக்கும் நாம் அதை நிறுவும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே பேரபாயம் மிக்க காலம். அன்றியும், ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அது முடிந்தபின் புதிய குறைகள் வெளிப்பட்டாலும் பொதுவில் திருத்தம் வாராது. பி.எச்.பி. 7.4 பதிப்பிற்கு நவம்பர் 2022-லும், பல சர்வர்களில் இயங்கிவந்த சென்ட் ஓ.எஸ். 7 இயங்குதளத்திற்கு 2024 ஜூன் 30-லும் ஆதரவு முடிந்துவிட்டது. நம் அலுவலகங்களில் பழகிய விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் பொதுவான ஆதரவு முடிந்தது.

ஒரகடத்தில் நேர்ந்தது

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியிலேயே அது உண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் ஒரகடத்தில் மோட்டார்க் கார்களைச் செய்துவந்த ரெனோ–நிசான் கூட்டு ஆலை, மே 2017-இல் ‘வான்னாக்ரை’ என்னும் தீய நிரலின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. ஆலையின் பணி பாதிக்கப்பட்டது. அதே வாரத்தில் பிரான்சில் ரெனோவின் ஆலைகளும், இங்கிலாந்தில் சண்டர்லாந்திலுள்ள நிசான் ஆலையும் பாதிப்புற்றன. 2017 மே 12 அன்று தொடங்கிய அத்தாக்குதல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பற்றிக்கொண்டது. கோப்புகளையெல்லாம் படிக்க இயலாதவாறு பூட்டிவிட்டு, திறவுகோல் வேண்டுமாயின் 300 டாலர் தருக என்று கேட்டது.

இந்நிரல் நுழைந்த வழி புதிதன்று. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையொன்றில் இருந்த ஓட்டையே அது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதாவது 59 நாட்களுக்கு முன்னர். திருத்தம் ஏற்றப்பட்ட கணினிகளுக்குள் அந்த வழியே இந்நிரல் நுழைய இயலவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் இரத்தாயின. பின்னர் ஆராய்ந்த அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், அடிப்படைப் பாதுகாப்பு முறைகளைக் கையாண்டிருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்று 2017 அக்டோபரில் அறிக்கை அளித்தது.

இணையதளத்தின் வழியே புகுந்த திருட்டு

ஒரகடத்தில் நேர்ந்தது ஆலைக் கணினிகளைப் பற்றியது. இணையதளத்தின் வாயிலாகவே நிகழ்ந்த பெருந்திருட்டும் அதே ஆண்டில் உண்டு. அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஈக்விபாக்ஸ் நிறுவனத்தின் தளமொன்று ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளால் இயங்கிற்று. அதில் உள்ள ஓட்டையும் திருத்தமும் மார்ச் 2017-இல் அறிவிக்கப்பட்டன. நிறுவனத்துக்குள் சுற்றறிக்கையும் அனுப்பப்பட்டது. ஆனால் சுற்றறிக்கை பெறுவோர் பட்டியல் பழையதாயிருந்தபடியால், உரிய பணியாளருக்கு அது எட்டவில்லை. மே முதல் ஜூலை வரை திருடர்கள் உள்ளிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றனர். 2019-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அந்நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. எந்த மென்பொருள் எங்கே உள்ளது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்ற பதிவேடு சரியாக இல்லாமையின் விலை அது.

கூட்டுறவுத் துறைக்கும் இவ்வனுபவம் வந்துள்ளது. ஜூலை 2024 இறுதியில், நாட்டின் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்துவந்த சி–எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் இத்தகைய பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதன் தொடர்பைத் துண்டித்து வைத்ததால், ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. முதலிய வசதிகளைப் பயன்படுத்த இயலாது நின்றனர். ஆகஸ்டு 1 அன்று தொடர்பு மீண்டது. இதை ஆராய்ந்த கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம், சங்கிலியில் இணைந்திருந்த வேறொரு நிறுவனத்தின் ‘ஜென்கின்ஸ்’ சர்வர் வழியாகவே தாக்குதல் தொடங்கியதென்று தெரிவித்தது. அந்தச் சர்வர் மென்பொருளின் ஓட்டைக்குத் திருத்தம் ஜனவரியிலேயே வெளிவந்திருந்தது. யாரோ ஒருவர் திருத்தாது விட்ட சர்வரினால், அவரை அறியவே அறியாத வங்கிகளின் அங்கத்தினர் துன்புற்றனர் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்திற்கு என்ன நேரலாம்?

முதலாவதாக, பணம் செலுத்துமிடத்திலுள்ள வங்கிக் கணக்கு எண்ணையோ கியூ.ஆர். குறியீட்டையோ திருடன் மாற்றி வைக்கலாம். வாடிக்கையாளர் சேலைக்குப் பணம் கட்டியிருப்பார்; சங்கத்துக்கு வந்திராது. இருவரும் ஒருவரையொருவர் ஐயுறுவர். இரண்டாவதாக, அங்கத்தினரின் கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை களவாடப்படலாம். பின்னர், “சங்கத்திலிருந்து பேசுகிறோம்” என்று அழைக்கும் வஞ்சகனிடம் அங்கத்தினரின் கடன் தொகை முதற்கொண்டு சரியான விவரம் இருக்கும். நம்பாமல் என் செய்வார்? மூன்றாவதாக, சங்கத்தின் தளத்தில் சூதாட்ட விளம்பரங்களை மறைவாகப் பதித்துவிடுவர். அப்போது அது அபாயகரமான தளம் என்று தேடுபொறிகளே எச்சரிக்கை காட்டும். பண்டிகை விற்பனை நாட்களில் அவ்வாறு நேரின் இழப்பு சிறிதன்று. நெய்து முடித்த சேலை இருப்பில் தேங்கும். கூலிக்கும் நூலுக்கும் பணம் முடங்கும்.

புதுப்பித்தலிலும் இடையூறு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதிப்பை மாற்றும்போது, பழைய முறையில் எழுதப்பட்ட பில் போடும் பகுதி வேலை செய்யாமற் போகக்கூடும். அதற்கு அஞ்சியே பலர் கைவைக்காது விடுகின்றனர். தளத்தின் நகல் ஒன்றில் முதலில் சோதித்துப் பார்த்து, பின்னர் மெய்யான தளத்தில் மாற்றுவதே இதற்குப் பரிகாரம். அச்சமின்றி ஓட்டையோடு இருப்பதைவிட, ஒரு நாள் விற்பனையை நிறுத்திச் சரிசெய்வது மேலானது.

நிர்வாகக் குழு செய்யத்தக்கவை

1. இருப்புப் பதிவேட்டில் தறியையும் தராசையும் எழுதுவதுபோல, தளத்தில் உள்ள மென்பொருள்களின் பெயர், பதிப்பு எண், ஆதரவு முடியும் தேதி, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும். தளம் அமைத்தவரிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் இதைத் தரலாம். தர இயலாதவர் பராமரிக்கிறார் என்று நம்புதற்கில்லை.

2. தளத்தை ஒருமுறை அமைத்துக் கொடுப்பதோடு ஒப்பந்தம் முடியலாகாது. திருத்தம் வெளியானபின் இத்தனை நாட்களுக்குள் நிறுவவேண்டும் என்ற நிபந்தனையும், அதற்குரிய ஆண்டுக் கட்டணமும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். வரவு செலவுத் திட்டத்திலும் அதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

3. தளப்பெயரும் அதன் கடவுச்சொல்லும் சங்கத்தின் உடைமை. அவை தளம் அமைத்தவரின் சொந்தப் பெயரில் இருத்தலாகாது.

4. விவரங்களின் நகலை வாரந்தோறும் எடுத்து, சர்வரோடு தொடர்பில்லாத வேறிடத்தில் வைக்கவேண்டும். அந்த நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் சோதிக்கவேண்டும்.

5. இணையதளத்திற்கு வேண்டாத விவரத்தை அதில் வைக்கலாகாது. சேலை விற்கும் தளத்தில் நெசவாளரின் ஆதார் எண்ணுக்கு இடமில்லை. இல்லாத பொருளை எவரும் திருட இயலாது.

6. தாக்குதல் நேர்ந்தால் மூடி மறைத்தல் கூடாது. ‘செர்ட்–இன்’ என்னும் மத்திய அரசின் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த கட்டளைப்படி, நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும். பணம் களவு போயிருப்பின் உடனே 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்தல் வேண்டும். அங்கத்தினருக்கும் உண்மையை உரைப்பதே முறை.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000-ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஜூன் 2022-இல் ஒப்புதல் அளித்தது. அத்தகைய பொதுத் திட்டத்தின் சர்வரைக் காப்போர் வேறுளர். ஆனால் சங்கம் தானே அமைத்துக்கொண்ட தளத்துக்குச் சங்கமே காவல். இதை எவர்மீதும் சுமத்தித் தப்ப இயலாது.

ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த நம் ஊர்களில் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. கரை உடைந்தபின் கூடுவதன்று அது. மழைக்கு முன்னரே ஊரார் ஒன்றுகூடிக் கால்வாயைத் தூர்வாரி, கரையின் எலிவளைகளை அடைப்பதாகும். எலிவளை சிறிதெனினும் வெள்ளம் அதன் வழியே கரையை அறுத்துவிடும் என்பதை உழவர் அறிந்திருந்தனர். அந்த அறிவே இங்கும் வேண்டப்படுகிறது. எதிர்வரும் மகாசபையில், “நமது தளத்தின் மென்பொருள் எந்தப் பதிப்பு? அதன் ஆதரவு என்று முடிகிறது?” என்னும் இரு கேள்விகளை அங்கத்தினர் எழுப்புவார்களாக, நிர்வாகக் குழுவினர் பதிவேட்டைத் திறந்து அவற்றிற்கு விடையளிப்பார்களாக.