முதல் வெற்றி நிலைக்குமா?

மும்பையின் மூன்று மட்டைகள் சொல்லும் பாடம்

விளையாட்டு உலகில் ஒரு கேள்விக்கு ஓய்வே கிடையாது. புதிதாக ஓர் இளைஞன் வருகிறான். வந்த வேகத்தில் விளாசித் தள்ளுகிறான். பத்திரிகைகள் புகழ்கின்றன. ரயிலிலும் டீக்கடையிலும் அவன் பேச்சுதான். உடனே ஒரு மூலையிலிருந்து குரல் எழும்: "எல்லாம் சரி, இது நிலைக்குமா?"

பொறாமையால் மட்டும் எழும் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. முதல் ஆண்டில் மின்னி, மூன்றாம் ஆண்டில் காணாமல் போனவர்கள் எல்லா விளையாட்டிலும் உண்டு. தடுமாறி விழுந்து, எழுந்து நின்று, இருபது ஆண்டுகள் ஆடியவர்களும் உண்டு. இந்த இருவகைக்கும் உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மும்பை நகரிலேயே இருக்கிறது.

எட்டு இன்னிங்ஸ், 793 ரன்

சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இறங்கி ஃபோர்ட் பகுதி அலுவலகங்களுக்கு நடந்து போகிறவர்கள் ஆசாத் மைதானத்தை அறிவார்கள். ஒரே புல்வெளியில் பல பந்தயங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடக்கும் இடம் அது. 1988 பிப்ரவரியில் அங்கே ஒரு பள்ளிக்கூடப் பந்தயம் நடந்தது. சாரதாசிரமம் பள்ளிக்காக இரண்டு பையன்கள் சேர்ந்து 664 ரன் குவித்தார்கள். இருவரையும் கடைசிவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. ஒருவர் சச்சின் டெண்டுல்கர், 326 ரன். மற்றவர் வினோத் காம்ப்ளி. அவர் எடுத்தது 349!

காம்ப்ளி கஞ்சூர்மார்க்கில் வளர்ந்த இடதுகை ஆட்டக்காரர். 1993 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். வயது 21. மூன்றாவது டெஸ்ட் வான்கடே மைதானத்தில். அதில் 224 ரன். அடுத்த டெஸ்ட் டெல்லியில், ஜிம்பாப்வேக்கு எதிராக. அதில் 227. பிறகு இலங்கைச் சுற்றுப்பயணம். கொழும்பில் 125, மறுபடியும் கொழும்பில் 120.

முதல் ஏழு டெஸ்டில் அவர் மட்டை பிடித்தது எட்டு இன்னிங்ஸ். எடுத்தது 793 ரன். சராசரி 113-க்கு மேல். 14 இன்னிங்ஸில் ஆயிரம் ரன்னைத் தொட்டார். இந்தியர் எவரும் அவ்வளவு விரைவில் தொட்டதில்லை.

அதன் பிறகு?

1994-இன் இறுதியில் மேற்கு இந்திய அணி வந்தது. மார்புக்கும் தோளுக்கும் எழும்பி வரும் பந்துகளை அதன் வேகப்பந்து வீச்சாளர்கள் காம்ப்ளிக்கென்றே வைத்திருந்தார்கள். கோர்ட்னி வால்ஷ் அதில் முன்னே நின்றார். அந்தத் தொடரில் காம்ப்ளிக்கு ஓர் அரைச் சதம்கூடக் கிட்டவில்லை. 1995 நவம்பரில் கட்டாக்கில் ஆடிய டெஸ்டே அவருக்குக் கடைசி. அப்போது அவருக்கு வயது 23 தான்! ஒருநாள் பந்தயங்களில் 2000-ஆம் ஆண்டு வரை விட்டுவிட்டு ஆடினார். டெஸ்ட் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இதுதான். மொத்தம் 17 டெஸ்ட், 1,084 ரன். முதல் எட்டு இன்னிங்ஸில் 793. பின்னால் வந்த பதின்மூன்று இன்னிங்ஸில் 291.

கவாஸ்கரும் தடுமாறினார்

இதே நகரத்தின் இன்னொரு கதையையும் பார்க்க வேண்டும்.

1971-இல் மேற்கு இந்தியத் தீவுகளில் சுனில் கவாஸ்கர் அறிமுகமானார். அவருக்கும் வயது 21. நான்கே டெஸ்டில் 774 ரன், நான்கு சதங்கள். அறிமுகத் தொடரில் அத்தனை ரன் எடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் அதே ஆண்டு கோடையில் இங்கிலாந்து சென்றபோது மூன்று டெஸ்டில் அவர் எடுத்தது 144 ரன் மட்டுமே. 1972-73-இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது ஐந்து டெஸ்டில் 224. ஆக, முதல் நான்கு டெஸ்டில் 774. அடுத்த எட்டு டெஸ்டில் 368! ஐந்தாவது சதத்துக்காக 1974 ஜூன் வரை, மான்செஸ்டர் பந்தயம் வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் யாராவது "இவர் ஒரு தொடர் வீரர்தான்" என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆதாரம் குறைவாகவே இருந்திருக்கும். அந்தக் கவாஸ்கர்தான் 125 டெஸ்ட் ஆடி, 34 சதம் அடித்து, பத்தாயிரம் ரன்னைத் தாண்டிய உலகின் முதல் ஆட்டக்காரர் ஆனார்.

ஒரு வேடிக்கை உண்டு. கவாஸ்கரின் டெஸ்ட் சராசரி 51.12. காம்ப்ளியின் சராசரி 54.20. சராசரியில் காம்ப்ளி மேலே. ஆயுளில் கவாஸ்கர் எங்கோ!

தீபாவளி வாரத்துக் கல்லா

ஆரம்பத்து ஆட்டத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கலாமா? அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்பால் விளையாட்டில் இதை நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். அங்கே மட்டையாளர் பத்து முறை நின்று மூன்று முறை சரியாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர்.

பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1970-ஆம் ஆண்டுப் பருவத்தின் 18 மட்டையாளர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் முதல் 45 முறை நின்றதில் என்ன செய்தார், மீதிப் பருவத்தில் என்ன செய்தார் என்று ஒப்பிட்டார்கள். ராபர்ட்டோ கிளமென்ட்டே முதல் 45-இல் 18 முறை அடித்திருந்தார். அதாவது ஆயிரத்துக்கு 400. மீதிப் பருவத்தில் அது 346-ஆக இறங்கியது. தர்மன் மன்சன் என்ற இளைஞர் 45-இல் எட்டே முறை அடித்திருந்தார், ஆயிரத்துக்கு 178. மீதிப் பருவத்தில் அவர் 316-க்கு ஏறினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் பரிசும் அவருக்கே கிடைத்தது!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எந்த ஆரம்பத்திலும் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. திறமை தங்கும், அதிர்ஷ்டம் சமனாகிவிடும். தீபாவளி வாரத்துக் கல்லாவைப் பார்த்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடுகிற ஜவுளிக்கடைக்காரர் உண்டா? மிக உயரத்தில் தொடங்கியவர் சற்று இறங்குவது இயற்கை. அதை வீழ்ச்சி என்று சொல்லக் கூடாது.

இயற்கையான அந்த இறக்கத்துக்குப் பிறகு எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. 1980-இல் கிளீவ்லாந்து அணியின் ஜோ சார்போனோ 23 ஹோம் ரன் அடித்துப் புதுமுக வீரர் பரிசு பெற்றார். மறு ஆண்டு முதுகில் அடிபட்டது. நான்கே ஹோம் ரன். 1982-உடன் பெரிய அணிகளில் அவர் கதை முடிந்தது. 2001-இல் செயின்ட் லூயிஸ் அணியில் ஆல்பர்ட் புஹோல்ஸ் 37 ஹோம் ரன்களுடன் தொடங்கினார். 2022-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 703!

இரண்டாம் சுற்று

உடல் ஒத்துழைக்காவிட்டால் கதை முடிந்தது. உடல் சரியாக இருந்தாலும் இன்னொரு கண்டம் உண்டு. முதல் சுற்றில் புதியவரை எதிரிகளுக்குத் தெரியாது. இரண்டாம் சுற்றுக்குள் அவருடைய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்தப் பந்துக்குக் கால் நகரவில்லை, எந்தப் பந்தைத் துரத்துகிறார் என்று எழுதி வைத்துவிடுவார்கள். பேஸ்பாலில் பந்து எறிபவர் செய்வதும் இதுதான். கிரிக்கெட்டில் வால்ஷ் செய்ததும் இதுதான்.

அந்தக் கட்டத்தில் ஆட்டக்காரர் ஒன்றைக் கற்றாக வேண்டும். ஒன்றை விட்டாக வேண்டும். அதற்கு அவகாசமும் வேண்டும். கவாஸ்கர் தம்மைத் திருத்திக்கொண்டார். தேர்வாளர்களும் அவரை விட்டுவிடவில்லை. காம்ப்ளியின் விஷயத்தில் வாதம் இன்றும் ஓயவில்லை. கட்டுப்பாடு போதவில்லை என்பார் சிலர். 23 வயதுப் பையனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்பார் சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

கூடாரத்தில் படுத்த பையன்

இப்போது அதே கேள்வி மூன்றாவது இளைஞர் முன் நிற்கிறது. அவர் யஷஸ்வி ஜெய்ஸ்வால்.

உத்தரப் பிரதேசத்தில் பதோஹி மாவட்டத்திலிருந்து பத்துப் பதினொரு வயதில் மும்பைக்கு வந்தவர். தங்க இடம் இல்லாமல் ஆசாத் மைதானத்தில் பணியாளர்களின் கூடாரத்தில் படுத்துறங்கியவர். கைச்செலவுக்குப் பானிபூரி விற்க உதவியவர். காம்ப்ளி 349 அடித்த அதே மைதானம்! ஊரை விட்டு இந்நகரத்துக்கு வந்து, பாய் விரிக்க ஆறடி இடம் தேடியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜூலையில் டொமினிக்காத் தீவில் முதல் டெஸ்ட். அதிலேயே 171 ரன். 2024 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் 209, அடுத்த டெஸ்டில் ராஜ்கோட்டில் ஆட்டமிழக்காமல் 214. காம்ப்ளியைப் போலவே இடதுகை. காம்ப்ளியைப் போலவே அடுத்தடுத்த டெஸ்டில் இரட்டைச் சதம். அந்தத் தொடரில் மொத்தம் 712 ரன். ஒரே தொடரில் எழுநூறைத் தாண்டிய இந்தியர் அதுவரை கவாஸ்கர் ஒருவர்தான். ஆயிரம் ரன்னை எட்ட ஜெய்ஸ்வாலுக்கு ஆனது 16 இன்னிங்ஸ். காம்ப்ளியின் சாதனைக்கு இரண்டு இன்னிங்ஸ்தான் பின்னால்.

இரண்டாம் சுற்றும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் பெர்த் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். அதே பந்தயத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் 161! 2025-இல் இங்கிலாந்து மண்ணில் ஐந்து டெஸ்டில் 411 ரன். லீட்ஸில் ஒரு சதம், ஓவலில் ஒரு சதம். இடையில் இரண்டு பூஜ்யங்களும் உண்டு. அக்டோபரில் டெல்லியில் 175. நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸில் 83 மட்டும். அந்த நான்கில் மூன்று முறை அவரை வீழ்த்தியவர் ஒருவரே: உயரமான இடதுகை வேகப்பந்து வீச்சாளர் மார்க்கோ யான்சன்.

ஆக, எதிரிகள் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது நடந்தே தீரும். பெர்த்தில் பூஜ்யத்துக்குப் பின் 161 எடுத்தது, ஓவலில் 2 ரன்னுக்குப் பின் 118 எடுத்தது, இவையே அவருக்குச் சாதகமான சாட்சிகள். இரட்டைச் சதங்களைக் காட்டிலும் இவற்றுக்கே மதிப்பு அதிகம். இரட்டைச் சதம் காம்ப்ளியிடமும் இருந்தது. விழுந்த இடத்திலேயே எழுந்து நின்ற இன்னிங்ஸ்தான் 1994-க்குப் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை.

ஆட்டமானாலும் அலுவலகமானாலும், முதல் மாதத்தில் சுறுசுறுப்பாக இருப்பவர் பலர். தவறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதைத் திருத்திக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறவருக்குத்தான் வேலை நிரந்தரமாகிறது. ஜெய்ஸ்வால் இன்னும் இளைஞர். அடுத்த முறை அவர் பூஜ்யத்தில் வெளியேறும்போது தலையில் கை வைக்க வேண்டாம். அதற்கடுத்த இன்னிங்ஸைப் பாருங்கள். விடை அதில்தான் இருக்கும்.