வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் நுளம்புக்கு என்ன பூசலாம்?

"அக்கா, இந்தக் கிரீமைப் பூசினா வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பிராவில் இருக்கும் தங்கச்சி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். கையில் ஒரு நுளம்புக் கிரீம் வைத்திருந்தாள். கொழும்பில் கடையொன்றில் நிற்கும் அவளுடைய தம்பி தீபாவளிக்கு வரும்போது வாங்கி வந்தது. நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். பிள்ளை சம்பந்தப்பட்ட விசயம் என்றால் லயத்தில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, தமிழில் ஒரு வரிகூட இல்லை. "தெரியாததைப் பூசாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் நுளம்புக்குப் பயப்பட்டதில் காரணம் இருந்தது. அவளுடைய தாத்தாவும் பாட்டியும் 1977 வன்செயலில் மலையை விட்டு ஓடி வன்னியில் குடியேறியவர்கள். வன்னியில் மலேரியாக் காய்ச்சல் வந்துதான் அவளுடைய அம்மாவுக்கு ஒரு கர்ப்பம் கலைந்தது. 2009இல் இவள் பத்து வயதுப் பிள்ளையாக மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் கிடந்தவள். கலியாணம் முடித்து மறுபடியும் இந்த மலைக்கே வந்து சேர்ந்தாள். நுளம்பின் சத்தம் கேட்டாலே எழும்பி உட்கார்ந்துவிடுவாள்.

நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு, அவளுடைய புருசன் வேறு வழி பார்த்தான். மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவன் அவன். அங்கே கோவாவுக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்து, காம்பிராவின் மூலை முடுக்கெல்லாம் தெளித்துக் கதவைச் சாத்தினான். ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே போய்ப் படுத்தவளுக்கு நள்ளிரவில் வாந்தி. வாயில் எச்சில் வடிந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது, மூச்சு முட்டியது. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். தாயும் பிள்ளையும் தப்பியது பெரிய காரியம்.

வார்ட்டில் நின்ற டொக்டர் விசாரித்துவிட்டு, "நுளம்புக்குப் பயம் என்றால் கடையில் விற்கும் கிரீமைப் பூசியிருக்கலாமே, ஏன் பூசவில்லை?" என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சகோதரிகளே, அதன் பிறகுதான் எங்கள் குடும்பநல மாதுவையும் டொக்டர்மாரையும் கேட்டுக் கேட்டு இந்த விசயத்தைப் படித்தேன். முந்தியே படித்திருக்க வேண்டும்.

கடைக் கிரீம்களில் அதிகமாகப் பாவிக்கப்படும் மருந்துக்கு 'டீட்' என்று பெயர். இது நுளம்பைக் கொல்வதில்லை, கிட்ட வரவிடாமல் செய்கிறது. கர்ப்பிணிகள் இதைப் பூசலாமா என்று சோதித்துப் பார்த்த இடம் எங்களுடைய கதைக்கு மிகவும் நெருக்கமானது. பர்மாவில் யுத்தத்துக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிய கரேன் இனப் பெண்கள் தாய்லாந்தில் அகதி முகாம்களில் இருந்தார்கள். மாத்திரைக்கும் அடங்காத மலேரியா அங்கே இருந்தது. அந்தப் பெண்களுக்குத் 'தனக்கா' என்ற மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுவது வழக்கம், எங்களுக்கு மஞ்சள் மாதிரி. ஆய்வு செய்தவர்கள் அந்தத் தனக்காவிலேயே நூற்றுக்கு 20 பங்கு டீட்டைக் கலந்து கொடுத்தார்கள். 897 கர்ப்பிணிகள் நான்காம் மாதத்துக்குப் பிறகு இதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு டீட் கலந்தது, மற்றவர்களுக்கு வெறும் தனக்கா. 2001இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பகுதிப் பிள்ளைகளுக்கும் பிறந்த நிறையிலோ, ஒரு வயது வரையான வளர்ச்சியிலோ, மூளை நரம்பின் விருத்தியிலோ வித்தியாசம் இருக்கவில்லை. சோதித்த தொப்புள்கொடி இரத்தத்தில் நூற்றுக்கு எட்டில் மட்டும் டீட் மிகச் சிறிதளவு தெரிந்தது. யுத்தத்தால் ஓடிய பெண்கள் தங்கள் வயிற்றுப் பிள்ளையோடு கொடுத்த சாட்சி இது. எனக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

முதல் மூன்று மாதத்தில் உள்ளவர்களைப் பற்றிய ஆராய்ச்சி இதைவிடக் குறைவு. அந்த நாட்களில் பூசக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதில்லை. ஆனாலும் முதலில் நீளக்கைச் சட்டையையும் நுளம்பு வலையையும் நம்புங்கள். காய்ச்சல் பரவும் இடத்தில் இருந்தால் கிரீமையும் பூசுங்கள்.

"மலையில் என்ன நுளம்பு?" என்று சிலர் கேட்கலாம். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது, அந்தக் குளிரில் டெங்கு நுளம்பு பெருகுவது கஷ்டம். ஆனால் கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால் சூடு. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும் வேலைக்கு நிற்கிறார்கள், திருவிழாவுக்கு வரும்போது காய்ச்சலையும் கொண்டு வருகிறார்கள். பிள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வன்னிக்கோ கொழும்புக்கோ போகிறவர்களும் உண்டு. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. மலேரியா இல்லாத நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்று தந்துவிட்டது, அந்தப் பயம் பெருமளவு போய்விட்டது. டெங்குப் பயம் போகவில்லை. பிரசவ நேரத்தில் டெங்கு இருந்தால் இரத்தப்போக்கு ஆபத்தாகலாம், பிறக்கும் பிள்ளைக்கும் தொற்றலாம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலையில் வெளிச்சம் வந்த பிறகும், பின்னேரம் இருட்டுமுன்னும் அதிகம் கடிக்கும். அதனால் இரவு வலை மட்டும் போதாது. மருந்து தோய்த்த வலையைக் கர்ப்பிணிகள் பயமில்லாமல் பாவிக்கலாம். பகலில் படுத்தாலும் அதற்குள்ளேயே படுங்கள்.

இனி நுளம்புத்திரி. எங்கள் காம்பிராவின் அளவு உங்களுக்குத் தெரியும், பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் என்று சொல்ல ஒரு பொந்து. அதற்குள் விறகடுப்புப் புகையோடு திரியையும் கொளுத்திவிட்டுக் கதவை மூடுகிறோம். ஒரு திரி எரிந்து முடியும்போது வரும் நுண்ணிய புகைத்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் தூசிக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஒரு ஆய்வு கணக்குச் சொல்கிறது. புருசன் வீட்டுக்குள் பீடி குடித்தால் சண்டை பிடிக்கும் நாங்கள், இதைக் கட்டில் காலடியில் நாங்களே கொளுத்தி வைக்கிறோம்! கொளுத்தத்தான் வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே வையுங்கள். வேப்பிலைப் புகையும் புகைதான். கர்ப்பிணி அதற்குள் இருக்கத் தேவையில்லை.

கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பூசுவது, மண்ணெண்ணெய் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போகக்கூடியது, சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் வலிப்பு வரும். தெற்கில் காய்ச்சும் சிட்ரனெல்லாப் புல்லெண்ணெய் நல்ல வாசம்தான், ஆனால் அது நின்று பிடிப்பது கொஞ்ச நேரம். பெரட்டுக்கு முன் பூசினால் மலை ஏறுவதற்குள் போய்விடும்.

கிரீமைப் பூசும் விதத்திலும் கவனம் வேண்டும். பெட்டியில் டீட் நூற்றுக்கு எத்தனை என்று எழுதியிருக்கும். 20 என்றால் நாலைந்து மணித்தியாலம் தாங்கும், 30க்கு மேல் தேவையில்லை. வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது மருந்துக்கடையில் கேளுங்கள். என்னைப்போல ஊகித்துப் பதில் சொல்கிறவர்களிடம் கேட்காதீர்கள். வெளியே தெரியும் தோலில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள், உடுப்புக்கு உள்ளே பூச வேண்டாம். உள்ளங்கையில் கண்டிப்பாக வேண்டாம். அந்தக் கையால்தான் கொழுந்தும் எடுக்கிறோம், ரொட்டியும் சாப்பிடுகிறோம். தேயிலை வாது கிழித்த கீறலிலும், அட்டை கடித்துப் புண்ணான இடத்திலும் படக்கூடாது. முகத்துக்கு, கையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணையும் வாயையும் விட்டுத் தடவுங்கள். பிளாஸ்டிக்கை டீட் கெடுக்கும், ஆகையால் படங்கிலும் மூக்குக்கண்ணாடியிலும் படாமல் பாருங்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும். பால் கொடுக்கிறவர்கள் பிள்ளையைத் தூக்குமுன் கையை நன்றாகக் கழுவுங்கள், மார்பில் பூசாதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இது பூசுவதில்லை, வலைதான்.

தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் தெளிப்பது, சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது இரண்டையும் பற்றி ஆண்களிடமும் பேசுங்கள். எங்கள் லயத்தில் அந்த இரவுக்குப் பிறகு மூன்று காம்பிராக்களிலிருந்து இப்படிப்பட்ட போத்தல்கள் வெளியே வந்தன.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்தால், கர்ப்பிணி முதல் நாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. பனடோல் மட்டும் அளவாகப் போடலாம். அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டும். பேறு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

தங்கச்சிக்குப் பங்குனியில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை இப்போது பகலில் என்னுடைய மடுவத்தில், வலைக்குள் தூங்குகிறது. தாய் காலையில் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, கைகளின் வெளிப்பக்கத்திலும் கழுத்திலும் கிரீமைத் தடவிக்கொண்டு மலைக்குப் போகிறாள். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொன்ன அதே கிரீம்தான்.