காலைக் குச்சி, இரவு பிரஷ்

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நம் கிராமங்களில் பல் விளக்குவதற்காக யாரும் கடைக்குப் போனதில்லை. வாசலில் வேப்பமரம் நின்றது. வரப்போரத்தில் கருவேலங்குச்சி கிடைத்தது. ஆலம்விழுதின் இளநுனியை ஒடித்துக்கொண்டு கண்மாய்க்குப் போனவர்கள், தண்ணீரில் இறங்கும்வரை அதை மென்றுகொண்டே நடந்தார்கள். வீட்டுப் பெண்களுக்கு அடுப்புச் சாம்பலும் உமிக்கரியும் உப்பும். எதுவும் அகப்படாத நாளில் செங்கல்லைத் தட்டிப் பொடித்து ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொள்வார்கள். பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்தக் கண்டிப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அன்று பயன்படுத்தியதெல்லாம் நல்லது என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. வேப்பங்குச்சியின் நுனியை நார்நாராக மென்று, பொறுமையாகத் தேய்த்தால் அழுக்குப் போகும், அதில் குறையில்லை. செங்கல் பொடியின் கதை வேறு. பல்லின் மேற்பூச்சான எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. செங்கல் பொடியும் கரியும் பல்லை வெளுப்பாகக் காட்டியது அதைச் சுரண்டித்தான். ஈறோரம் பள்ளம் விழுந்து, குளிர்ந்த மோரைக் குடித்தாலும் பல் கூசிய பாட்டிகள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தார்கள். வெற்றிலை உரலில் புகையிலையும் சேர்த்து இடித்துப் போட்டவர்களுக்கு ஈறும் சேர்ந்து கெட்டது. புகையிலை சேராவிட்டாலும் பாக்குத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது.

அடுத்து பல்பொடிக் காலம் வந்தது. ரோஸ் நிறக் கோபால் பல்பொடியின் தித்திப்பு இன்றும் பலர் நாக்கில் நிற்கும். பிள்ளைகள் தின்றது பாதி, தேய்த்தது பாதி. புகையிலை கலந்த பல்பொடிகளும் நாட்டில் தாராளமாக விற்றன. அவற்றை மத்திய அரசு 1992இல்தான் தடை செய்தது. பேஸ்ட்டும் பிரஷும் நகரத்து வீடுகளில் தொடங்கி மெல்ல ஊர்ப்பக்கம் வந்தன. நைலான் இழை பிரஷ் அமெரிக்காவில் 1938இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிரில்தான் பிரஷ் செய்தார்கள். நம் வீடுகளில் பேஸ்ட் டியூபை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசியில் கத்தரியால் பிளந்து வழித்தார்கள். இழைகள் நாலாபுறமும் விரியும்வரை பிரஷை மாற்றியதில்லை. மாற்றிய பிறகும் அது கொலுசு கழுவவோ தலைக்கு டை அடிக்கவோ உயிரோடு இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் என்ற கணக்கு இன்னும் நம் பலசரக்குப் பட்டியலில் ஏறவில்லை.

கருவி மாறியது. அதைவிட அதிகமாக மாறியது சாப்பாடு. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே பல்லின்மேல் அமிலம் ஏறி, எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரைமணி நேரமாவது வேண்டும். அன்று காலையில் பழைய சோறு, மதியம் ஒரு வேளை, பொழுது சாய்ந்ததும் இன்னொன்று; நடுவில் பல்லுக்கு ஓய்வு கிடைத்தது. அதிரசமும் முறுக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வந்தவை. இன்று டீயோடு பிஸ்கட், பள்ளிப் பையில் கேக், வேலைக்கு நடுவே சர்க்கரை போட்ட காபி என்று அமிலம் தணிவதற்குள் அடுத்தது உள்ளே போகிறது. எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதுபோலவே, எத்தனை தடவை தின்றோம் என்பதும் சொத்தையைத் தீர்மானிக்கிறது.

தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைகிறது. பல்லிடுக்கில் தங்கிய உணவோடு படுத்தால், விடியும்வரை கிருமிகளைத் தடுக்க ஆளில்லை. ஆகவே ஒரு நாளில் மிக முக்கியமான பல் விளக்கல், படுக்கப் போகுமுன் செய்வது. நாமோ பிரஷையும் பேஸ்ட்டையும் ஏற்றுக்கொண்டு, நேரத்தை மட்டும் குச்சிக் காலத்திலேயே விட்டுவிட்டோம். பல் விளக்குவதைக் காலையில் வாசல் தெளிப்பதோடு சேர்ந்த சுத்தமாகவே இன்னும் நினைக்கிறோம். இரவில் மென்மையான பிரஷால் இரண்டு நிமிடம், ஃப்ளோரைடு பேஸ்ட்; துப்பிய பின் வாயை அலசித் தீர்த்துவிடாமல் அப்படியே படுத்துக்கொள்ளலாம். தங்கிய ஃப்ளோரைடு கரையத் தொடங்கிய எனாமலை மறுபடி இறுகச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது.

இதே ஃப்ளோரைடு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தலைமுறைகளின் பல்லைக் கெடுத்திருக்கிறது. அங்கே பாறைக்குள்ளிருந்து கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் வந்த தண்ணீரில், ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி அது கலந்திருந்தது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு, எனாமல் உருவாகும்போதே கெட்டு, பின்னர் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. குச்சியோ பிரஷோ, எதனாலும் அந்தக் கறை போகாது. நன்றாகப் பல் விளக்கிய பிள்ளையைப் பார்த்து "பல்லே தேய்க்க மாட்டியா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டது எவ்வளவு பெரிய அநியாயம்! ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013இல் காவிரித் தண்ணீர் வந்தது. இரண்டு மாவட்டங்களின் பல்லைக் காக்கக் குழாய் பதித்த அந்த வேலையை நான் பெரிய மருத்துவச் சாதனையாகவே கருதுகிறேன்.

மருத்துவரிடம் போவது அன்று கடைசி வழி. பல்வலிக்கு முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அப்புறம் கன்னம் வீங்கியபின் பிடுங்கல். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் வேறு. பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் தனித்தனி. பல்லை எடுப்பதால் பார்வை கெடாது. சென்னையில் சீனக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பல் வைத்தியம் பார்த்தன. கைத்தொழிலாகக் கற்ற அவர்களின் பல் செட்டுக்கு நல்ல பெயர் இருந்தது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, அப்படிப் பட்டமில்லாமல் தொழில் செய்துவந்தவர்களுக்கும் பதிவேட்டில் தனிப் பிரிவு கொடுத்தார்கள். 1953இல் சென்னையில் அரசின் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது.

இன்று சிற்றூர் பஸ் நிலையத்தை ஒட்டியும் பல் மருத்துவமனைப் பலகை தெரிகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டால், அன்றைய ஆட்கள் அலறிய இடத்தில் இன்று தூங்கிவிடலாம். அன்று பிடுங்கி எறிந்த பல்லை ரூட் கெனால் செய்து, கேப் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் நாம் வலி வந்த பிறகே போகிறோம். அன்று வலிக்குப் பயம், இன்று பில்லுக்குப் பயம். சிறு கரும்புள்ளியாக இருக்கும்போது போனால் அரைமணி நேரத்தில் அடைத்து அனுப்புவார்கள். செலவு சில நூறு ரூபாயிலிருந்து தொடங்கும். வலி வந்து போனால் ரூட் கெனாலும் கேப்புமாகப் பல ஆயிரம்.

மருத்துவரிடம் போய்ப் பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஈறோரம் கல்லாக இறுகிய காரை ஈற்றைக் கீழே தள்ளி, எலும்பைக் கரைக்கிறது. பல் ஆடத் தொடங்குவது அதனால்தான். அதை எடுத்தவுடன் காலியிடம் நாக்குக்குத் தட்டுப்படுவதால் ஏதோ குறைந்ததுபோல் தோன்றும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது; பல வட்ட மருத்துவமனைகளிலும் இருக்கிறது. கையில் காசில்லை என்று தள்ளிப்போடுபவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

எனக்கு அதிக வருத்தம் தருவது, "பால்பல்தானே, விழுந்திடும்" என்று விட்டுவிடப்படும் குழந்தைகள். பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வேலை செய்ய வேண்டியவை. முன்னமே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும். பாட்டிலில் பாலோடு தூங்கவைப்பதை நிறுத்த வேண்டும். முதல் பல் தெரிந்ததிலிருந்தே அரிசி அளவு பேஸ்ட் தொட்டு, பெரியவர்களே தேய்த்துவிட வேண்டும். ஒரு வயது முடிவதற்குள் குழந்தையைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் குறிக்கும் வீடுகளில், அதே வருடத்தில் இதற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.