மென்பொருட் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை

கற்றவை நெஞ்சினுள் நிறைந்திருப்பினும், வேண்டுமிடத்து நா அவற்றை வெளிப்படுத்தாதாயின், கேட்பார்க்கு அவை இல்லாதன போன்றனவே. இவ்வுண்மை இன்று பெரிதும் விளங்குமிடம், கூகிள், மைக்ரோசொப்ற், அமேசன் முதலிய பெருநிறுவனங்கள் பல்கலைக்கழக மாணவரை மென்பொருட் பொறியியற் பயிற்சிக்குத் தெரிவுசெய்யும் நேர்முகப் பரீட்சையாகும். அதன் இயல்பையும், அது மெய்யாக அளப்பது யாதென்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

உள்ளகப் பயிற்சி எனப்படுவது, பட்டப்படிப்பு முடியுமுன் மாணவர் நிறுவனமொன்றிற் சில மாதம் ஊதியத்துடன் பணிசெய்து பழகுதல். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலும் கோடை விடுமுறையில் ஏறத்தாழ 12 வாரம் நிகழ்வது. பயிற்சியிற் சிறந்தோர்க்கு நிலையான உத்தியோகம் கிடைத்தலும் உண்டு. ஆகலின் இதற்கு விண்ணப்பிப்போர் மிகப் பலர். விண்ணப்பம் தேறியவர்க்கு முதலிற் கணினிவழித் தேர்வொன்று வைத்தல் பெருவழக்கு. அதன்பின் பொறியியலாளர் ஒருவர் மாணவரோடு பேசி வினாவும் பரீட்சை வரும். அது பெரும்பாலும் முக்கால் மணி நேரம் நீடிக்கும்.

முன்னர் இத்தகைய நிறுவனங்கள் புதிர்களை வினாவுதலிற் பெயர்பெற்றிருந்தன. வீதியிலுள்ள சாக்கடைக் குழியின் மூடி வட்டமாயிருப்பது ஏன் என்பது அவற்றுள் ஒன்று. அப்புதிர்கள் வீண்காலப் போக்கே என்று, கூகிள் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவுக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் 2013 ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். இன்று வினாவப்படுவன பெரும்பாலும் நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குகளே.

எடுத்துக்காட்டொன்று கொள்வோம். 14, 3, 9, 6, 20 என்னும் எண்களுள் எவ்விரண்டைக் கூட்டினால் 15 வரும்? எவ்வெண்வரிசைக்கும் பொருந்துமாறு நிரல் எழுதுக என்பது வினா. 9, 6 என விடை கூறல் சிறுவர்க்கும் எளிது. பரீட்சகர் வேண்டுவது அஃதன்று. நன்கு பழகிய மாணவர் முதலில் வினாவையே தெளிவுபடுத்திக் கொள்வர். ஓரெண் இருமுறை வருமோ? தகுந்த சோடி இல்லையாயின் யாது செய்வது? பின்னர் எளிய வழியைக் கூறுவர்: ஒவ்வோரெண்ணையும் ஏனையவற்றோடு கூட்டிப் பார்த்தல். இது பிழையன்று, ஆயின் 1,000 எண்கள் இருப்பின் 499,500 சோடிகளைக் கூட்டிப் பார்க்க நேரலாம்.

இனிச் சிறந்த வழியைக் காண்போம். 14 வந்ததும் அதன் துணை 1 எனக் கணித்து, அது முன்னர் வந்ததோ எனப் பார்க்க. வரவில்லையாயின் 14 ஐக் குறித்துவைத்து மேலே செல்க. 3 இன் துணை 12, 9 இன் துணை 6. இவையும் முன்னர் வரவில்லை. 6 ஐ அடைந்ததும் அதன் துணையாகிய 9 குறிப்பில் உளது, விடை கிடைத்தது. குறித்தவற்றை விரைந்து தேட உதவும் அமைப்பு ஹாஷ் அட்டவணை எனப்படும். இவ்வழியில் எண்வரிசையை ஒருமுறை கடந்தாற் போதும். ஆயின் குறித்துவைத்தற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். காலத்தை மிச்சம்பிடிக்க இடத்தைச் செலவிடுகின்றோம் என்பதை மாணவர் வாய்விட்டு உரைத்தல் வேண்டும். ஈற்றில், வரிசை வெறுமையாயின் நிரல் என்ன செய்யும் என்றும் தாமே சோதித்தல் வேண்டும்.

இதனாற் பெறப்படுவது யாது? விடையோடு விடையை அடைந்த நெறியும் இங்கு மதிப்பிடப்படுகின்றது. எழுத்துப் பரீட்சையிற் பேசாதிருந்து சிந்தித்தல் முறை. இங்கோ அம்மௌனத்தினூடே மாணவரின் அறிவைப் பரீட்சகர் காணமாட்டார்.

எனினும் இப்பரீட்சையின் குறையையும் மறைத்தல் தகாது. நோர்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொப்ற் நிறுவனமும் சார்ந்த ஆய்வாளர், கணினி பயிலும் 48 மாணவரைக் கொண்டு செய்த ஆய்வொன்றை 2020 இல் வெளியிட்டனர். ஒரு சாரார் பரீட்சகர் முன்னிலையிற் பேசிக்கொண்டே வெண்பலகையில் விடை எழுதினர். மறுசாரார் தனியறையில் எழுதினர். முன்னவரின் திறன் பின்னவரின் திறனிற் பாதிக்கும் குறைவாயிற்று. பங்குபற்றிய பெண்கள் சிலரே. அவருள் பரீட்சகர் முன் எழுதியோர் யாவரும் தவறினர். தனித்து எழுதியோர் யாவரும் தேறினர். ஆகவே இப்பரீட்சை அறிவோடு அச்சத்தையும் சேர்த்தே அளக்கின்றது என்பது தெளிவு. ஹோம்புறூ என்னும் பயன்மிகு மென்பொருளை ஆக்கிய மக்ஸ் ஹவல் என்பார், வெண்பலகையில் துவித மரத்தை இடவலம் மாற்றிக் காட்ட இயலாமையாற் கூகிள் தம்மை ஏற்கவில்லையென 2015 இற் பகிரங்கமாக எழுதினார். உலகம் பயன்படுத்தும் கருவியை ஆக்கியவரும் தவறக்கூடிய பரீட்சை இது.

ஆதலின் மாணவர் கைக்கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது, தனித்திருந்து நூறு கணக்குச் செய்தலோடு அமையாது, நண்பர் ஒருவரை எதிரே இருத்தி, எண்ணுவதைச் சொல்லிச் சொல்லிச் செய்து பழகல்; அச்சம் பழக்கத்தாற் குறையும். இரண்டாவது, தவறியவிடத்துத் தம்மை அறிவிலார் எனக் கருதாதிருத்தல். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் கண்டது மாணவரின் அன்றைய நிலையையேயன்றி, அவர்தம் ஆற்றல் முழுவதையும் அன்று.