தொட்டால் கழிகிறதே, அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

பினாங்குத் தீவில் பஸ்ஸுக்கு நிறம் இருந்த காலம் ஒன்று உண்டு. ஆயர் ஈத்தாம் போக வேண்டுமா, பச்சை பஸ். தெலுக் பகாங் பக்கம் என்றால் நீல பஸ். பாலிக் புலாவுக்கு மஞ்சள் பஸ். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட நிறத்தைப் பார்த்தே ஏறிவிடுவார். சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டரிடம் இரண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும். ஆனாலும் இறங்குவதற்குள் மீதிக் காசு கைக்கு வந்துவிடும்.

பிறகு கண்டக்டர் மறைந்தார். 2007 ஜூலை 31-ஆம் தேதி ரேபிட் பினாங்கு ஓடத் தொடங்கியது. காசாகக் கொடுப்பவர் சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும், மீதி கிடையாது. பட்டர்வொர்த் ஃபெரித்துறையிலும் நீண்ட காலம் நாணய ராஜ்ஜியம்தான். 1 வெள்ளி 20 காசைப் போட்டால்தான் தடுப்பு திரும்பும். நோட்டை நீட்டியவுடன் எண்ணாமலே சரியான சில்லறையைத் தள்ளிவிடும் முகப்பு ஊழியர்களின் கைவேகத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அந்தப் பழைய ஃபெரிகள் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்தபோது, கூடவே ரொக்கமில்லாக் கட்டணமும் வந்தது.

நாணயம் இருந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது டச் அண்ட் கோ அட்டை. 1997-இல் நெடுஞ்சாலை டோல் சாவடிகளுக்காகத்தான் இது முதலில் வந்தது. பின்னர் ரயில், பஸ், வாகன நிறுத்துமிடம் என்று பரவியது. 2001-இல் மைகாட் அறிமுகமானபோது அதற்குள்ளும் இந்த வசதி புகுந்துகொண்டது.

எல்லாரும் தினமும் தட்டுகிறோம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது?

அட்டைக்குள் பேட்டரி கிடையாது. அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. அதன் முனையில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சில்லு. பஸ்ஸில் உள்ள கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கிறது. அட்டை சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சில்லு விழித்துக்கொள்கிறது. கருவியும் சில்லும் ஒன்றையொன்று ரகசியச் சாவியால் சோதித்துக்கொள்கின்றன. பிறகு கருவி மீதித் தொகையைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய தொகையைச் சில்லிலேயே எழுதிவிடுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். அழகாகத் தொங்கவிடலாம் என்று அட்டையில் துளை போடுகிறவர்கள் அந்தச் சுருளை அறுத்துவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பணத்தின் கணக்கு அட்டையிலேயே இருக்கிறது. அதனால்தான் பஸ் எந்த மலைப்பாதையில் ஓடினாலும், இணையத் தொடர்பு அறுந்தாலும், கட்டணம் கழிகிறது.

மக்கள் குழம்பித் தவிப்பதும் இதே இடத்தில்தான். “நேற்றுதானே மகன் போனில் 50 வெள்ளி போட்டான், அட்டையில் பணம் இல்லை என்கிறதே?” என்று கேட்காத குடும்பம் குறைவு. மகன் போட்டது இ-வாலட்டில். அது நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு கணக்கு. அட்டை வேறு பணப்பை. பெயர் ஒன்று, பை இரண்டு! பழைய அட்டையில் பணம் ஏற வேண்டுமானால், அதற்கான கருவியில் அட்டையை நேரில் வைத்தே ஆக வேண்டும். 2022-இல் வந்த புதிய ரக அட்டையில் என்எஃப்சி உண்டு. அதே வசதியுள்ள கைத்தொலைபேசியின் முதுகில் அட்டையை ஒட்டி வைத்தால், வாலட் பணம் சில்லுக்குள் எழுதப்படும்.

பணம் ஏற்றும் சில இடங்களில் 50 காசு சேவைக் கட்டணம் வாங்குகிறார்கள். நூறு வெள்ளி ஏற்றுபவருக்கு அது தூசு. பத்துப் பத்து வெள்ளியாக ஏற்றும் துப்புரவுத் தொழிலாளிக்கு நூற்றுக்கு ஐந்து. வசதி குறைந்தவரிடம் வசதிக்குக் கூடுதல் விலை கேட்பது என்ன நியாயமோ.

பணம் அட்டையில் இருப்பதா, தூரத்துக் கணினியில் இருப்பதா? இது பொறியாளர்களின் சண்டை மட்டுமல்ல என்பதைச் சிங்கப்பூர் காட்டியது. அங்கே 2002 முதல் ஈசி-லிங்க் அட்டை புழங்குகிறது. 2024 ஜனவரியில், பழைய அட்டைகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் கணினிக் கணக்கு முறையான சிம்பிளிகோவுக்கு மாற்றப் போவதாக அரசு அறிவித்தது. புதிய முறையில் அட்டை தொலைந்தால் முடக்கிவிடலாம், போனிலேயே பணம் ஏற்றலாம். ஆனால் தட்டும்போது மீதித் தொகை திரையில் தெரியாது. மக்கள் விடவில்லை. “எவ்வளவு போச்சு, எவ்வளவு இருக்கு என்று பார்க்க வேண்டும்” என்பதே முறையீடு. இரண்டே வாரத்தில் அரசு பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவிட ஒப்புக்கொண்டது.

அட்டையிலேயே பணம் வைப்பதிலும் ஆபத்து உண்டு. உலகெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் சில்லின் ரகசியப் பூட்டை உடைக்க முடியும் என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் நிரூபித்தார்கள். அதன் பிறகே பல நகரங்கள் வலுவான சில்லுக்கு மாறின.

சாதாரணப் பயணிக்குப் பூட்டு உடைவதைவிட அட்டை தொலைவதுதான் பெரிய இழப்பு. கண்டெடுத்தவர் தட்டிக்கொண்டே போகலாம். ஆகவே பஸ்ஸுக்கு மட்டும் பயன்படும் அட்டையில் இருநூறு, முந்நூறு என்று நிரப்பி வைக்கத் தேவையில்லை. பணப்பையில் மைகாட், வங்கி அட்டை, டச் அண்ட் கோ மூன்றையும் ஒன்றாக அடுக்கி, பையோடு தட்டுவதும் சரியல்ல. எந்த அட்டை பதில் சொல்வது என்று கருவி திணறும். அட்டைக்கு ஆயுட்காலமும் உண்டு. காலாவதியானாலும் உள்ளிருக்கும் பணம் உங்களுடையதே. விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

கைத்தொலைபேசி கைவராத தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால், தண்ணீர்மலைக்கோ லெபோ குவீன் மாரியம்மன் கோயிலுக்கோ அவர்கள் பஸ் ஏறும் முன்பே மீதியைப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டையோடு வைத்துவிடும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.